பல்சக்கரத்தில் ஒரு கீறல்

பழைய கிரீஸின் வாடை சாக்குப்பையைத் தாண்டி என் சட்டைக்கு வந்துவிட்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏரியல் கம்பி ஒவ்வோர் அடிக்கும் காதில் தட்ட, முத்தாபுதுப்பேட்டையில் சேவியர் வீட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். நான் தெருமுனை திரும்பும்வரை சேவியரின் அம்மா கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்பது திரும்பாமலே தெரியும். "கொண்டு போறதெல்லாம் சரி. உள்ள இருக்கிறது அப்படியே திரும்பி வரணும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

பையில் இருந்தது ஒரு ரிமோட் கார். சேவியரின் அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில், சேவியர் பிறப்பதற்கும் முன்னால், வாங்கி வந்தது. கண்ணாடி அலமாரியை விட்டு அது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் இறங்கும்; நானும் சேவியரும் முறை வைத்து ஓட்டுவோம். அந்த வாரம் என் முறையில்தான் "கரகர" என்றது. மோட்டார் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. அக்கம்பக்கத்து ஃபேன், ரேடியோ எதுவானாலும் கழற்றிப் பார்க்கிறவன் என்று எனக்குப் பெயர் இருந்ததால், நான்தான் உள்ளே கைவைத்து எதையோ எடுத்திருப்பேன் என்று முடிவாகிவிட்டது. அம்மா அந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கார் ஓடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். "நீ எடுத்தியோ எடுக்கலையோ, ஓடவைடா" என்று மட்டும் அம்மா சொன்னாள். எனக்குப் பதினைந்து முடிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்தேன்.

ஆவடி பஸ் நிலையத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கியர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்கில் நான்கு பல்சக்கரங்கள்; ஒன்றில் மட்டும் மூன்று பற்கள் மழுங்கிப் போயிருந்தன. பாடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்த செல்வத்திடம் போவதாக எண்ணம். முன்பு அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர், கூலி வாங்கமாட்டார். கூலி வாங்காதவர் வேறு எதை எடுத்துக்கொள்வார் என்ற கேள்வி அப்போதே எனக்கு வந்தது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் தினமும் மாலை, எதையும் திருடிப் போகவில்லை என்று கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அப்பா தன் தூக்கு, தம்ளர், ஸ்கேல் எல்லாவற்றிலும் ஆணியால் குறி போட்டிருப்பார். "நம்ம சாமான்ல நம்ம குறி இருக்கணும்டா. இல்லாட்டி அதுவே நாளைக்கு நம்பளத் திருடன்னும்" என்பார். நானும் சட்டைப்பையிலிருந்த பழைய காம்பஸ் முள்ளால் நல்ல சக்கரங்கள் மூன்றிலும், பல்லின் அடியில், ஆழமாக ஒரு பெருக்கல் குறி கீறினேன். யாரும் மாற்றிவிட முடியாது. பஸ் ஏறினேன்.

செல்வம் மழுங்கிய சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா இது, சோப்பு டப்பா மாரி கீது? பித்தளைல போட்டுத் தரேன், உன் பேரன் வரைக்கும் ஓடும்" என்றார். பாடிப் பக்கத்து ஆட்களுக்குப் பிளாஸ்டிக் என்றால் ஏளனம்; எதையும் உலோகத்தில் செய்துவிட்டால் தீர்ந்தது என்று நம்புவார்கள். சாப்பாட்டு நேரத்தில், கழிவு டப்பாவிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்து மில்லிங் மிஷினில் வைத்துப் பல் வெட்ட ஆரம்பித்தார். நான் அவர் விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மாமே, என் கையயே பாத்துகினு கீற? முழுங்கிடுவேன்னா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். வேலை முடியாததால், பெட்டியை ஒரு ராத்திரி அங்கேயே விட்டுவர வேண்டியதாயிற்று. அன்று எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் போனதும் முதலில் என் குறிகளைத்தான் தேடினேன். மூன்றும் இருந்தன. பட்டறைத் தரையில் கார் சீறிக்கொண்டு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை சேவியர் ஓட்டினான். தெருவில் இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவதில் "டக்" என்ற சத்தத்தோடு நின்றது. திறந்தால் பித்தளைச் சக்கரம் மின்னிக்கொண்டு அப்படியே இருந்தது. அதன் பக்கத்துப் பிளாஸ்டிக் சக்கரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. "நல்லத உருவிட்டுப் பழச மாட்டி வச்சிருக்கான்" என்றார் சேவியரின் அம்மா. அவர் பார்வை என்மேல் இருந்தது. அம்மா பின்கட்டு வாசலில் ஈரக்கையோடு நின்றாள். "லேத்துக்காரர்தான் ஆன்ட்டி மாத்திட்டாரு. ஒரு ராத்திரி அவர்கிட்டதான் இருந்திச்சு" என்று நான் சொன்னேன். சொல்லும்போதே பாதி நம்பினேன்.

மறுநாள் சேவியரின் அப்பா ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். முதலாளியும் இருந்தார். செல்வம் வாதாடவில்லை. தன் கருவிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். தினமும் மாலையில் கேட்டில் காட்டிப் பழகிய கை. பிறகு உடைந்த சக்கரத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தார். பிளவு பெருக்கல் குறியின் ஒரு கோட்டின் வழியாகவே ஓடியிருந்தது. பிளாஸ்டிக்கில் ஆழமாகக் கீறினால் அங்கிருந்துதான் விரியும். அதுவும் வளைந்துகொடுக்காத பித்தளை பக்கத்திலிருந்து தள்ளும்போது. இதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் குறி இருப்பதால் அது மாற்றப்படாத பழைய சக்கரம்தான் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது.

"இந்தக் கோடு யார் போட்டது தம்பி?" என்று செல்வம் என்னைப் பார்த்துக் கேட்டார். மாமே என்று கூப்பிடவில்லை.

நான் போட்டேன் என்றால் அவர் திருடவில்லை என்றாகும். காரை உடைத்தவன் நான் என்றும் ஆகும். அம்மாவின் ஈரக்கை நினைவுக்கு வந்தது. "தெரியாதுண்ணா" என்றேன்.

அவர் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளிக்கு அந்தச் சக்கரத்தில் அக்கறையே இல்லை. "அந்தப் பித்தளை யாருதுய்யா? மிஷின் யாருது?" என்று மட்டும் கேட்டார். இனி அங்கே வேலை இல்லை என்று புரிந்து, செல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்களும் கிளம்பும்போது முதலாளி என்னைப் பார்த்து, "ரெண்டு நாளா ஒக்காந்து பாத்துகினு இருந்தியே, சும்மாதான கீற? காலைல வா" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். அந்த மாதிரிப் பழைய ரிமோட் கார்களை வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கான மாற்றுப் பிளாஸ்டிக் சக்கரம் உறையில் போட்டுக் கூரியரில் வருகிறது. சேவியர் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது. செல்வம் என்ன ஆனார் என்று நான் விசாரித்ததில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான். அம்மா மட்டும் மேலும் நாலு வருஷம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

செல்வம் கிளம்பிப் போனதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். துடைப்பமும் முறமும் கொடுத்தார்கள். செல்வத்தின் மிஷினடியில் கிடந்த பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளி, கழிவு டப்பாவில் போடுவதுதான் முதல் வேலை. சாயங்காலம் கிளம்பும்போது முதலாளி கையை நீட்டினார். யாரும் சொல்லித்தராமலே என் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன்.