கரண்டிக்கு அடியில் ஒரு ஐஸ் டப்பா

எங்கள் மெஸ்ஸில் யாரும் கரண்டியில் வாய் வைக்கக் கூடாது. ஊதவும் கூடாது, எச்சில் காற்று பட்டுவிடும் என்பார் மாமியார். கொதிக்கிற குழம்பை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு அப்படியே நக்கிப் பார்க்க வேண்டும். திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் மெஸ் எங்களுடையது. பத்து மணிக்குள் பொட்டலம் கிளம்பியாக வேண்டும், ஆறட்டும் என்று நிற்க நேரம் கிடையாது.

ருசி பார்ப்பது முன்பு மாமியாரின் வேலை. கொரோனா வந்து போனதில் அவர் நாக்கில் ருசி போய்விட்டது, திரும்பவே இல்லை. வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே மூடி வைத்தோம். வேலை என் தலையில் விழுந்தது. சாம்பார், ரசம், மீன் குழம்பு என்று தினமும் வெந்தது என் நாக்கு. அம்மா வீட்டில்கூட ஒரு நாள் தங்க முடியவில்லை. பி.காம் படித்ததெல்லாம் உப்பு பார்க்கத்தானா என்று பற்றிக்கொண்டு வரும்.

முகம் சுளித்தால், "இன்னாமே?" என்று கேட்பார் மாமியார். "நாக்கு பொத்துப்பூச்சு அத்தை" என்பேன். அதற்கு மட்டும் இரக்கப்பட்டு மோர் கொடுப்பார். இந்த அடுப்படியில் மூச்சு முட்டுகிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் நாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ராயபுரத்தில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை எட்டரைக்குச் சேர வேண்டியிருந்தது. வீட்டில் சொல்வதற்கு முன்னால் எனக்குப் பதில் ருசி பார்க்க ஆள் வேண்டும். இருந்தது பொட்டலங்களை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் என் கணவர் மட்டும்தான். அவரோ டீயையே ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீராக்கிக் குடிப்பவர்.

ஒரு குழிக்கரண்டியை எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டை வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அதன் அடியில் திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை ஒட்டித் தரச் சொன்னேன். டப்பாவில் ஐஸ் போட்டு மூடிவிட்டால், மேலே விடும் ஒரு ஸ்பூன் குழம்பு சீக்கிரம் ஆறிவிடும் என்பது என் கணக்கு. ஒட்டி முடித்ததும் பட்டறைக்காரர், கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளியிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கரண்டி முழுவாம கீதா?"

நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கணக்கு தப்பவில்லை. ஒரு வாரம் நானே வைத்துப் பார்த்தேன். ஆறின குழம்பைக் கையில் விட்டுத்தான் நக்கினேன் என்பதால் மாமியாரும் எச்சில் என்று குறை சொல்லவில்லை. சனிக்கிழமை கணவரைப் பார்க்கச் சொன்னேன். "உப்பு கொஞ்சம் கம்மியா கீது" என்றார். நானும் பார்த்தேன், கம்மிதான். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வேகத்தில் வேலை விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

மாமியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கரண்டியைக் கழுவி என் கையில் கொடுத்தார்.

"நாக்கு பொத்துப்பூடுதுன்னுதானமே அழுதுகினு இருந்த? அதுக்கு நீயே வழி பண்ணிக்கின. இனிமே உனுக்கு இன்னா கஸ்டம்?"

கணவரைப் பார்த்தேன். "அதானே" என்றார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வேறு கஷ்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் நாக்கு நாக்கு என்றே சொல்லிப் பழகியதில் வேறு எதுவும் வரவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலகத்து மேலாளர் போன் செய்தார். ரசம் நுரை கட்டி வந்துகொண்டிருந்தது. மாமியார் கரண்டியை நீட்டியபடி பக்கத்தில் நின்றார்.

"ஏன்மா வரல, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் சார்" என்றேன். பொய் இல்லை. நாக்கில் ஒரு புண்கூட இல்லை.