செல்வியின் ஏழு வார்த்தைகள்

என் மகள் செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு பிரஷால் கண் எழுதும் வேலையில் இருந்தேன். செல்வியின் பள்ளி ஆசிரியை என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கையால கேட்டா எதையும் குடுக்காதீங்கம்மா. அப்பதான் பேச்சு வரும்."

நானும் அப்படியே செய்தேன். அவள் கை எழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு வருடத்தில் ஏழு வார்த்தைகள் வந்தன. பட்டறை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போயிருந்தேன். பின்பக்கம் விளையாடப் போனவள் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். "அம்மா" என்றாள். பிறகு "பால்", "பூ" என்று ஏழு வார்த்தைகளையும் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கண்ணீர் வழிந்தது, கை மட்டும் முன்னால் வரவில்லை.

பக்கத்திலிருந்த அஞ்சலை அக்காதான், "புள்ள காலப் பாருடி" என்றாள். உள்ளங்காலில் உடைந்த பொம்மையின் சில்லு ஏறியிருந்தது. 'வலி' என்ற வார்த்தையை நாங்கள் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை.

சில்லை எடுத்துக் கட்டுப்போட்டபின், அவள் கைகளை நானே இழுத்து என் மடியில் வைத்தேன். "சொல்லுடா" என்றேன். தயங்கியபடி பிரஷ் பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்தாள். தன் கண்மேல் மெல்லக் கோடிழுத்தாள். பிறகு என்னைக் காட்டினாள்.

அது எனக்கு அவள் வைத்திருந்த பெயர். ஒரு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.