உப்பில்லாமல் கொடுத்த தர்பூசணி

பாப்பம்மாள் முதல் தடவை மயங்கி விழுந்தது சித்திரை மாதம், பதினோரு மணி வெயிலில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் பர்கூர் பக்கம் ரோடு போடும் வேலைக்காக ஜல்லி உடைக்கும் கேம்ப் ஒன்று இருந்தது. அங்கே அவள் ஜல்லி உடைப்பவள், நான் கம்பவுண்டர். ஒரு தகரக் கொட்டகை, நாலு பாட்டில் மிக்ஸ்சர், டிஞ்சர், பஞ்சு. டாக்டர் கிருஷ்ணகிரியிலிருந்து வாரம் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் நானே டாக்டர் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மேஸ்திரி விடவில்லை.

"இன்னொரு தபா விழுந்தா மஸ்டர் ரோல்ல, கூலிக் கணக்குல, பேரை அடிச்சிருவேன். கல்லு மேல தலை அடிபட்டுச் செத்துப்போனா யாரு பதில் சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பாப்பம்மாளின் புருஷன் கால் முறிந்து வீட்டில் கிடந்தான். அவள் வேலைக்கு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். "ஏதாச்சும் மருந்து குடுங்க சாமி, இன்னொரு தபா விழக்கூடாது" என்று என்னைக் கும்பிட்டாள். என்னிடம் அதற்கு மருந்து இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. அதே கேம்பில் தெலுங்கு பேசும் கல்லுடைப்பவர்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். அதே வெயில், அதே கல். அவர்களில் ஒருவர்கூட என் கொட்டகைக்கு வந்ததில்லை. ஏன்?

மத்தியானம் போய்ப் பார்த்தேன். வேப்பமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் அதைப் புச்சகாய் என்றார்கள். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கு அது கல்லங்கடி. ஆற்று மணலில் விளைந்த பழம், வண்டியில் வந்து இறங்கும். கூட்டத்துக்குப் பெரியவளான நாகம்மா, கீற்றின் மேல் கல்லுப்பை நுணுக்கித் தூவி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். சிவப்பைத் தின்றார்கள், விதையைத் துணியில் காயப்போட்டார்கள், வெள்ளைச் சதையை ராத்திரி புளுசு என்கிற புளிக்குழம்புக்கு எடுத்து வைத்தார்கள். பழத்தில் வீணானது பச்சைத் தோல் மட்டும்தான்.

"தினம் இதுதானா?" என்றேன்.

"எண்டகாலம், வெயில்காலம் பூரா இதே சாரு. ஒடம்புக்கு நல்லது" என்றாள் நாகம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா! உடனே பாப்பம்மாளைக் கூப்பிட்டேன். "மத்தியானம் கூழ் வேணாம். வயிறு நெறைய தர்பூசணி சாப்பிடு. ஆனா உப்பு மட்டும் தொடாதே. உப்பு தின்னா தாகம் எடுக்கும், ஒடம்பு காஞ்சிரும்." நாகம்மா தூவிய உப்பு வெறும் ருசிக்கு என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். ஏன் தூவுகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று நாள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். நாக்கு வறளவில்லை, தலை சுற்றவில்லை. நான் கொட்டகைக்கும் ஜல்லிக் குவியலுக்குமாகப் பெருமையோடு நடந்தேன். நாலாம் நாள் இரண்டு மணிக்கு ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் பாப்பம்மாள் கீழே கிடக்கிறாள், இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டு கல்லாக நிற்கின்றன. பேரை அடிக்க மேஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

நல்ல வேளையாக அது டாக்டர் வரும் நாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். உப்பு என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வேர்வையில தண்ணி மட்டுமாய்யா போகுது? உப்பும்தானே போகுது. தர்பூசணி நல்ல பழம்தான். தண்ணி இருக்கு, கொஞ்சம் சர்க்கரை இருக்கு, வைட்டமின் இருக்கு. உப்புதான் அதுல கெடையாது. கூழுல இருந்த உப்பையும் நிறுத்திட்டீர். பின்னே கால் இழுக்காம என்ன பண்ணும்?"

உப்புக் கரைத்த தண்ணீரை டம்ளர் டம்ளராகக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் கால் இளகியது. எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அப்படியே விட்டிருந்தால் பழி பழத்தின் மேல் போயிருக்கும். அவள் வேலையும் போயிருக்கும். மேஸ்திரியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அவ ஒடம்புல கோளாறு இல்ல. நான் சொன்ன வைத்தியத்துலதான் கோளாறு."

"அப்ப உங்க பேரைத்தான் அடிக்கணும்" என்றார் மேஸ்திரி. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன். கோடை வந்தால் தர்பூசணி சாப்பிடச் சொல்லுவேன். வெயிலில் உழைப்பவர்களிடம் உப்பையும் சொல்லுவேன். இளம் கம்பவுண்டர்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. கால் இழுத்த அன்று சாயங்காலம் பாப்பம்மாளிடம், "பழம் தின்னும்போது உனக்கு ஒரு தடவைகூட உப்பு கேக்கலையா?" என்று விசாரித்தேன்.

"மூணு நாளா நாக்கு உப்புக்குப் பறந்துச்சு சாமி. படிச்சவரு வேணாம்னாரேன்னு அடக்கிக்கிட்டேன்" என்றாள்.