மாமா ஊற்றிய புட்டி

கடலோர ஊரான போன்யெரேயில் யாராவது தென்னை மட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் அது அபென்லெமாதான். தேங்காயெண்ணெய் காய்ச்சி விற்பவள். மூன்றே வருடத்தில் ஊர்த்தோப்பு பாதி மஞ்சளித்துச் செத்ததில் வயிறெரிந்து கிடந்தாள். அந்த நோயை அரிசிக் குருணை அளவிலான ஒரு தத்துப்பூச்சி பரப்பலாம் என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சந்தேகம். பூச்சி பிடிக்க ஆள் தேடிய அதிகாரி எகன், அவளிடம் பிடிகொடுக்காமல்தான் பேசினார்.

"அதே மாதிரி இன்னொண்ணும் இருக்கும்மா. லென்ஸ் வச்சாலே எங்காளுங்க குழம்புறாங்க. பிரிச்சுக் காட்டுங்க, வேலை உங்களுக்கு."

ஆறு நாள் மட்டை மட்டையாக ஏறி இறங்கி, உள்ளே வலைத்துணி வைத்த குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பதினேழு பூச்சி பிடித்து, எகனுக்குச் சொல்லியனுப்பினாள். பூச்சி கெடாமலிருக்க அவர் தந்த ஸ்பிரிட் தீர்ந்துபோனதால் ஊர்ச் சாராயத்தில் போட்டு வைத்தாள். அங்கேதான் வினை.

எகன் வரவிருந்த காலையில் அவள் தாய்மாமன் மியேசா முற்றத்துக்கு வந்தார். நல்ல காரியத்துக்கு முன் மூதாதையருக்கு ஒரு வாய் சாராயம் ஊற்றாமல் இருப்பவரா அவர்? பார்வை மங்கல், மூக்கு மட்டும் கூர்மை. கைக்குக் கிடைத்த புட்டியைத் திறந்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, கடைசிச் சொட்டுவரை மணலில் ஊற்றிவிட்டார்.

"மாமா, அது என் பூச்சி."

"பூச்சியா? வாசனை நல்லாத்தானே இருந்துச்சு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் எறும்புகள் வரத் தொடங்கின. அழுதது போதுமென்று மண்டியிட்டு, வெள்ளைத் தட்டை அருகில் வைத்து, ஈர்க்கு நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நீ வா. உன் றெக்கையில புள்ளி இருக்கு, நீ அந்தப் பக்கம் போ. நீயும்தான், நடிக்காத."

"யார்கிட்டம்மா பேசுற?" என்றார் மாமா.

"உங்க விருந்தாளிங்ககிட்ட."

எகன் வந்து பின்னால் நிற்பதையே அவள் கவனிக்கவில்லை. தட்டில் இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் ஐந்து. அவர் லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை.

"பதினேழுன்னு சொன்னீங்களே?"

"ஒண்ண எறும்பு தூக்கிட்டுப் போகுது சார். புள்ளி வச்சது, நமக்கு வேண்டாதது, போகட்டும்."

எகன் நம்பவில்லை. சலவைக் கால்சட்டையோடு மணலில் தவழ்ந்து, எறும்பிடமிருந்து பூச்சியைப் பிடுங்கி, லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"புள்ளிதான்," என்றார் தரையில் உட்கார்ந்தபடியே. "திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க. எங்காளுங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

அபென்லெமா சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. மாமா காலிப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"பின்ன? மத்தவன் மூதாதையருக்குக் குடிக்க மட்டும்தான் குடுப்பான். நான் தொட்டுக்கவும் சேத்துல்ல குடுத்தேன்."