சாதா மாடல் சுவிசேஷமுத்து

பாளையங்கோட்டையில் சுவிசேஷமுத்து வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். "சாதா முத்து வீடு" என்று கேளுங்கள், வாசல் வரை கூட்டிவந்து விட்டுப்போவார்கள். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "இதுலயே சாதா இருக்கா?" என்பதுதான். ஃபேன் சாதா, ஃபிரிட்ஜ் சாதா, கட்டின வீடும் சாதா. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு எக்ஸ்ட்ரா என்று கொத்தனார் சொன்னதால் அதுவும் கிடையாது. மழை பெய்தால் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு படுப்பார்.

ஸ்கூட்டர் எடுத்தபோது, பொம்பளையாட்கள் கால் வைக்கிற பலகையும் சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கிற கம்பி வலையும் எக்ஸ்ட்ரா என்றான் கடைக்காரன். "காலு என்ன கழண்டா விழப் போவுது?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டார். அவர் சம்சாரம் பாக்கியவதி டீச்சர் அந்த ஸ்கூட்டரில் காலைத் தொங்கப் போட்டபடியே பள்ளிக்கூடம் போய்வந்தார். ஒரு கையில் சேலை, ஒரு கையில் பிள்ளை. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் இந்த மனுஷனுக்கு எப்போதோ உறைத்திருக்கும்.

உறைத்தது அவருடைய பிரிவு உபசார விழாவில். மேடையில் பேசின அதிகாரி, "நம்ம அண்ணாச்சி வாழ்க்கையிலேயே எக்ஸ்ட்ரா என்று ஒன்று கிடையாது, எல்லாம் சாதா மாடல்தான்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுவிசேஷமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினால், டீச்சர் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த மாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகம் அவர் நெஞ்சுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரே ஒரு தடவையாவது இவளை சாதா இல்லாத ஒன்றில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினார். அதை வாயைத் திறந்து அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்ல மாட்டார். சொல்கிற ஆளாக இருந்தால் கதை ஏது!

உடன்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன தேரி நிலம் ஒன்று கிடந்தது. செம்மணலும் உடைமுள்ளும்தான். அதை ராக்கெட் தளத்துக்கு என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தது. பேங்கில் போடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருநாள் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, "ஏட்டி பாக்கியம், ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான்" என்றார். டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"சரி, வாங்குங்க. ஆனா ஐயர் வந்து ஜெபம் பண்ணணும். அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை ஏறுவேன். எனக்குப் பிடிக்கலைன்னா மறுநாளே வித்துரணும். சம்மதமா?" என்றார் டீச்சர். (சபை போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வது, தேவாலயத்தைக் கோயில் என்று.) சம்மதம் என்றார் சுவிசேஷமுத்து.

வள்ளியூர் ரோட்டில் பழைய கார் விற்கிற ஜெய்சனிடம் ரெண்டு நின்றன. ரெண்டும் ஜெர்மன்காரன் செய்தது, ரெண்டு பேர் உட்காருவது. வெள்ளை வண்டி சாதா. ஓட்டம் கம்மி, கீறல் கிடையாது. சிவப்பு வண்டி நிறைய ஓடினது, ஆனால் முதலில் வாங்கினவன் கம்பெனியிடம் சொல்லி எல்லா எக்ஸ்ட்ராவும் போட்டு வாங்கியிருந்தான். பெரிய பிரேக்கு, உறுமுகிற சைலன்சர், அப்புறம் லாஞ்ச் கண்ட்ரோல்.

"அது என்னதுலே?" என்று கேட்டார்.

"இந்தப் பொத்தானை அமுக்கிட்டு, இடது காலால பிரேக்கையும் வலது காலால ஆக்சிலேட்டரையும் முழுசா மிதிக்கணும் அண்ணாச்சி. வண்டி நின்னுக்கிட்டே கத்தும். பிரேக்கை விட்டியன்னா, ரேஸ் வண்டி மாதிரி பாயும்."

துணைக்கு வந்திருந்த அடுத்த வீட்டு ஐயம்பெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கவே பாயப் போறீரு? சமாதானபுரம் தாண்டுறதுக்குள்ள வேகத்தடையா கெடக்கு. எவனோ ஆசைப்பட்டுப் போட்டதுக்கு நீரு ஏன்வே தண்டம் அழணும்? வெள்ளைய எடும். எஞ்சின் நல்லா இருந்தா போதாதா?"

நியாயமான பேச்சுதான். இத்தனை வருஷமாக சுவிசேஷமுத்து ஊருக்கே சொன்ன பேச்சு. அதை அடுத்தவன் வாயால் கேட்டபோது அவருக்குப் பத்திக்கொண்டு வந்தது. "போதும் போதும்னு சொல்லியே கெழவனாயிட்டேன்வே. செவப்பைத்தான் எடுக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

ஜெபத்துக்குக் குறித்த நாள் அசனப் பண்டிகை ஞாயிறு. சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். கோயில் வளாகத்தில் பந்தல், வரிசையாகக் கிடாரங்களில் சோறும் சாம்பாரும் கொதிக்கிறது. பந்தல் ஓரத்தில் டீச்சர் மற்ற பெண்களோடு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிர்க்கோடியில் சிவப்பு வண்டி. வெயிலுக்குப் பயந்து ஐயர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஏ.சி.க்காக எஞ்சின் ஓடுகிறது. சுவிசேஷமுத்து கியரைப் போட்டபடியே பிரேக்கில் இடது காலை வைத்திருந்தார்.

"இது என்ன பொத்தான்?" என்று கேட்டார் ஐயர். பெருமை விடுமா? அமுக்கிக் காட்டினார். "ரொம்ப சந்தோஷம், ஜெபிப்போம்" என்று ஐயர் கண்ணை மூடினார். இவரும் மூடினார்.

சுவிசேஷமுத்துவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜெபம் உருக்கமாக ஆக ஆக ரெண்டு காலையும் தரையில் ஊன்றி விறைத்துக்கொள்வார். கோயில் பெஞ்சில் அது யாருக்கும் தொந்தரவில்லை. அன்றைக்கும் விறைத்தார். இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலேட்டரில். வண்டி கத்த ஆரம்பித்தது. சத்தத்தை மிஞ்ச ஐயர் குரலை உயர்த்தினார். குரல் உயர உயர இவர் இன்னும் விறைத்தார். கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம்தான். ஆனால் மூன்று தலைமுறைச் சபைக்காரர், ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பாரா? செத்தாலும் மாட்டார்.

"ஆமென்" என்றார் ஐயர்.

மனுஷன் இளகினார். இடது கால் இளகியது. வலது கால் இளகவில்லை.

அவ்வளவுதான்! வளாகம் முழுக்க ஒரே புழுதி. சனம் அலறிக்கொண்டு விலகியது. கண்ணைத் திறந்த சுவிசேஷமுத்துவுக்குக் கத்தரிக்காயும் கையுமாக நிற்கிற பாக்கியவதி மட்டும்தான் தெரிந்தார். "ஐயோ என் பாக்கியம்!" என்று கத்தி, ரெண்டு காலையும் தூக்கிப் பிரேக்கில் இறக்கினார். வண்டி தரையைக் கவ்விப் பிடித்து நின்றது. டீச்சருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாம்பார்க் கிடாரம். கிடாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்.

அசனத்துக்கு வந்திருந்த ஐயம்பெருமாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "பிரேக்கு எக்ஸ்ட்ரா போட்டது நல்லதுவே!" ஐயர் பைய இறங்கி, சட்டையை உதறி, "இன்னொரு ஜெபம் பண்ணிருவோம். வெளியே நின்னே பண்ணுவோம்" என்றார்.

சுவிசேஷமுத்து வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். டீச்சர் முன்னால் போய் நின்றார். "வித்துருதேன் பாக்கியம். நாளைக்கே வித்துருதேன். உனக்குன்னு ஒரு தடவையாவது நல்லதா ஒண்ணு வாங்கணும்னு நெனச்சேன். அது உன்னையே கொல்லப் பாத்துட்டுதே."

"எனக்கா வாங்கினிய?"

"பின்ன? இந்த வயசுல எனக்கு எதுக்கு?"

டீச்சர் அவரையே பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். நேரே நடந்துபோய்க் கதவைத் திறந்து, பள்ளத்தில் இறங்குகிற மாதிரி அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்கார்ந்தார்.

"ஏறுங்க. நாலுவழிச் சாலைக்கு விடுங்க. ஐயருக்குக் காட்டினதை எனக்கும் காட்டணும்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதனால ஜெபம் நான் பண்ணுதேன். நீங்க கண்ணைத் திறந்து வச்சுக்கிடுங்க."

சுவிசேஷமுத்து ஏறி உட்கார்ந்தார். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். ஆனால் முன்னால் இருந்த கிடாரம், பந்தல், சனம் எதுவும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி கலங்கலாக இருந்தது.

"மொதல்ல கண்ணைத் தொடைங்க," என்றார் டீச்சர், பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே. "பந்தி போடுறதுக்குள்ள திரும்பி வரணும்."