வள்ளத்திலிருந்து வந்த ஏச்சு

என் சிநேகிதன் றெஜிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதற்குக் காரணம் நான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்து பிரசங்க நேரத்தில் சிரிக்கிற அமலனை, அதுதான் என்னை, உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரிவரவில்லை. பாதர் என்னைக் கூப்பிட்டு, "நீ சாட்சி சொல்லவேணும்" என்றபோது, "ஏன் பாதர், ஆரின்ரை வலை களவு போனது?" என்று கேட்டேன். "பகிடி விடாமல் எழுதிக்கொண்டு வா" என்றார். பகிடி இல்லாமல் எனக்கு எழுத வராது. கோபம் இல்லாமலும் வராது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருசம் பங்குனி மாதம். றெஜியும் நானும் கடலடியில் ஊருகிற கடலட்டை பிடிக்கப் போனோம். அவன் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு அடியில் இறங்குவான். நான் வள்ளத்தில் எஞ்சினோடு நிற்பேன். அன்றைக்கு மூன்று சிலிண்டர் முடிந்துவிட்டது. அவன் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"காணும்டா, இனி ஏலாது. போவம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்த நாள் எது?

"என்ன மாப்பிள்ளை, பொம்பிளை பாக்கப் போறதுக்கு உடம்பைப் பொத்திப் பொத்தி வைக்கிறியோ? பயந்தாங்கொள்ளி!"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நாலாவது சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஏறி வந்ததும், "காலிலை எறும்பு ஊருறமாதிரிக் கிடக்கு" என்றான். அதற்கும் சிரித்தேன். கரைக்கு வந்தபோது அவனால் எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் விளங்கப்படுத்தினார். திரும்பத் திரும்ப ஆழத்துக்கு இறங்கி ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகி முள்ளந்தண்டை அடைக்குமாம். எனக்கு விளங்கியது ஒன்றுதான். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த நாளிலிருந்து றெஜி என்னோடு கதைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவான். அவனுடைய தாய், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், தேத்தண்ணி தருவார். குடித்துவிட்டு வருவேன். இப்படியே ஒரு வருசம் போனது.

பார்க்க வந்த சனம் சொன்ன ஒரு கதை எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எல்லாம் ஆண்டவற்ரை சித்தம்." எவ்வளவு சுலபம்! ஒருவன் தன் வாயால் ஒருவனுடைய காலை முறிப்பான், பழியை ஆண்டவர் சுமக்கவேண்டும். ஒருநாள் ஒரு அம்மாவிடம் கேட்டும் விட்டேன்: "உங்கடை மகன் சோதனையிலை பெயில் விட்டதும் சித்தமோ?" அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நியாயம்தான்.

எங்கள் கரையில் றெஜியோடு சேர்த்து, அட்டைக்குப் போய்க் கால் விழுந்தவர்கள் நாலு பேர். அவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக்கொடுக்கக் கோயில் இளைஞர்கள் கடல் நீச்சல் போட்டி ஒன்று வைத்தார்கள். ஐந்து கிலோமீற்றர். நீந்தி முடிக்கிற ஒவ்வொருவருக்காகவும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் நன்கொடை தருவதாகப் பேச்சு. நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். நான் நீந்தினால் றெஜி மனம் இளகி ஒரு சொல் கதைப்பான் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்.

அதற்குள் ஒரு விசர் வேலை பார்த்தேன். கட்டிலில் கிடக்கிற றெஜியின் படத்தை, அவனைக் கேட்காமலே, காசு சேர்க்கிற தகரத்தில் ஒட்டிச் சந்தையெல்லாம் குலுக்கிக்கொண்டு திரிந்தேன். மாமிக்குக் கதை போய்விட்டது. என்னைக் கூப்பிட்டுத் தகரத்தை வாங்கிப் படத்தை உரித்தார்.

"என்ரை பிள்ளையைக் காட்டிப் பிச்சை எடுக்கிறியோ? உன்ரை மூஞ்சியை ஒட்டடா!"

உள்ளே றெஜி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய முதுகுகூட என்னோடு கோபமாக இருந்தது. நான் என் படத்தை ஒட்டினேன். பாதர் பார்த்துவிட்டு, "உந்த மூஞ்சிக்கு ஆர் போடுவினம்?" என்றார். போட்டார்கள். பரிதாபத்தில்தான்.

பிறகு நீச்சல் பழக்கம். கடல்காரனுக்கு நீந்தத் தெரியும் என்று சனம் நினைக்கிறது. எனக்குத் தெரிந்தது விழுந்தால் வள்ளத்துக்குத் திரும்புகிற அளவுக்கு. தலையைத் தூக்கிக்கொண்டு நாய் நீந்துகிற மாதிரி. காலமை மீன் இறக்கி வலை தட்டிய பிறகு தண்ணீருக்குள் இறங்குவேன். கரையில் நிற்கிறவர்கள் விடுவார்களா?

"என்ன அமலன், வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் முடிஞ்சுதோ?"

"பாத்தடா, ஆரும் உன்னை மீனெண்டு அள்ளிக்கொண்டுபோய் ஏலம் கூறப் போறாங்கள்!"

ஊரையே நக்கலடித்துத் திரிந்தவனுக்கு நக்கல் எப்படிக் குத்தும் என்று அப்போதுதான் தெரிந்தது. உப்புத் தண்ணீர் குடித்தேன். அக்குள் உரஞ்சிப் புண்ணானது. இரண்டு மாதத்தில் மூன்று கிலோமீற்றர் வந்தது. அதற்கு மேல் ஒரு முழம்கூட வரவில்லை. றெஜியும் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

போட்டிக்கு முதல் நாள் காலமை, பூசை முடிந்து எல்லாரும் போனபின், பெரிய சிலுவைக்கு முன்னால் போய் நின்றேன். முழந்தாளில் நிற்கவில்லை. சண்டைக்கு வந்தவன் முழந்தாளில் நிற்பானா?

"ஒரு வருசமாக் கேக்கிறன்" என்றேன். "அவன்ரை காலைத் தாரும் எண்டு கேட்டன். தரேல்லை. உம்மடை காலிலை ஆணி அடிச்சுக் கிடக்கு. நடக்க ஏலாட்டி எப்பிடியிருக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ? சரி, காலை விடும். அவன்ரை வாயைத் தாரும். என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கச் சொல்லும். ஏசட்டும். தூசணத்திலை ஏசினாலும் காரியமில்லை. இதையும் தராட்டி இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

கோயிலில் நின்று தூசணம் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொல்லி முடித்ததும் திரும்பிப் பாராமல் வெளியே நடந்தேன்.

போட்டி அன்று காலமை கடல் பார்க்க நல்ல பிள்ளைபோல் கிடந்தது. நீந்துகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் அவரவர் வீட்டு வள்ளம் ஒன்று பாதுகாப்புக்கு வரவேண்டும். வள்ளத்தில் கை வைத்தால் போட்டி முடிந்தது. எனக்கு என் அண்ணை வள்ளம் ஓட்டினார். விளிம்புக்கு மேலே அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது.

மூன்று கிலோமீற்றர் வரை வந்தேன். பிறகு கை அடிக்கிறேன், அடிக்கிறேன், கரையில் தெரிந்த ஒற்றைப் பனை அசையாமல் அப்படியே நிற்கிறது. எதிர் நீரோட்டம். வழுவழுத்த சொறிமுட்டை ஒன்றின் நூல் கழுத்தைச் சுற்றிச் சுட்டது. கெண்டைக்கால் இறுகியது. மற்ற ஆட்கள் எல்லாம் முன்னுக்குப் போய்விட்டார்கள். போதும் என்று நினைத்தேன். ஆண்டவரும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். வள்ளத்து விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கையை எடடா நாயே!"

அது அண்ணையின் குரல் இல்லை.

விளிம்புக்கு மேலே இன்னொரு தலை எழும்பியது. வலைக் குவியலில் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, றெஜி. முகம் கறுத்துச் சிவந்திருந்தது.

"தொட்டியெண்டால் துடுப்பாலை மண்டையை உடைப்பன்! கோதாரி விழுவானே, தலையைத் தாட்டுக் கீழை பார்! பாசி எந்தப் பக்கம் சாயுது?"

நான் பார்த்தேன். வள்ளக்காரன் எப்போதும் மேலே அலையைத்தான் பார்ப்பான். அடியைப் பார்க்கிறவன் அவன். கீழே பாசி எல்லாம் நான் வந்த பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"பின்னுக்கு!" என்று கத்தினேன்.

"அப்ப நீர் உனக்கு எதிரடா விசரா! கரைப்பக்கம் வெட்டு! பாருக்கு உள்ளாலை போ! பாசி நிமிந்து நிக்கிற இடத்திலை நீந்து!"

கரைக்குக் கிட்ட நீருக்குள் பாறைத் திட்டு, நாங்கள் கல்லுப்பார் என்பது, நீளமாகக் கிடக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனேன். பாசி நேராக நின்றது. பனை பின்னால் போகத் தொடங்கியது. வள்ளம் பாருக்கு வெளியே கூடவே வந்தது. மிச்சம் இரண்டு கிலோமீற்றரும் அவன் வாய் மூடவில்லை. நான் மூச்சுக்குத் தலை தூக்கிய ஒவ்வொரு தடவையும் ஒரு ஏச்சு. ஒரு வருசத்து ஏச்சு. பாதர் வாசிப்பார் என்பதால் எழுதவில்லை. நான் தண்ணீருக்குள் அழுதேன். கடலில் அது ஒரு வசதி, ஒருவருக்கும் தெரியாது.

கடைசி ஆளாக வந்து மணலில் விழுந்தேன். வள்ளத்தைக் கரையில் ஏற்றினார்கள். மாமி ஓடி வந்து என் தலையைத் துவட்டினார்.

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லையடா. அவன்தான் என்னை வள்ளத்திலை ஏத்து எண்டு நிண்டவன். ஏனெண்டு கேட்டன். 'அவன் தோக்கிறதைப் பாக்கவேணும்' எண்டான்."

நான் வள்ளத்துக்குக் கிட்டப் போனேன். றெஜி இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"உன்னாலைதான்ரா" என்றான். "நீ நக்கலடிச்சபடியால்தான் இறங்கினனான்."

"ஓம். என்னாலைதான்."

பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. வள்ளத்தில் கிடந்த துடுப்பை அவன் அப்பால் தள்ளினான்.

"நாளைக்கு வா. ஏச இன்னும் கிடக்கு."

சகோதரங்களே, றெஜியின் கால் இன்னும் எழும்பவில்லை. எழும்பியது என்று பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலி வந்திருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் வந்திருக்கிறது. றெஜி அதில் இருந்துகொண்டு என்னைத் துரத்துகிறான். என் வள்ளத்தில் ஆராவது "காணும்" என்றால் இப்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு எஞ்சினைத் திருப்புகிறேன். அது எனக்கு ஐந்து கிலோமீற்றரை விடக் கஷ்டம்.

நான் ஆண்டவரோடு மரியாதையாகக் கதைக்கவில்லை. அவர் கோபிக்காமல், நான் கேட்ட சொல்லையே, கேட்ட மாதிரியே தந்தார். அவருக்கு நன்றி. உங்களில் ஆராவது என்னைப்போலக் கோபம் பற்றிக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தால், எழும்பி முன்னுக்குப் போங்கள். நல்ல பிள்ளையான பிறகு போவோம் என்று நிற்காதேயுங்கள். உள்ளதை அப்படியே அவருடைய முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவர் தாங்குவார். றெஜியின் கால் விசயத்தை அவர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார். அதை நான் தினமும் காலமை கேட்கிறேன், இப்போது முழந்தாளில் நின்று, ஆனால் அதே சத்தத்தில்.

இதோடு நிறுத்துகிறேன். ஐந்து மணிக்கு றெஜி வீட்டில் நிற்கவேண்டும். பிந்தினால் அதற்கும் ஏச்சு.