தனுசுக்கு ஒரு சொல்

இது கதையில்லை, நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் அச்சகத்தில் அடித்த இந்த வருடக் காலண்டரைத் தேடிப் பிடித்து, பிப்ரவரி பதினெட்டாம் தேதித் தாளைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடலாம். நடந்தது எனக்கில்லை, என் மச்சானுக்கு. என் தங்கையின் கணவன். இரண்டு பேருக்கும் ஒரே அச்சகத்தில்தான் வேலை. மாடியில் கம்ப்யூட்டரில் அவன் பக்கம் தயார் செய்வான். கீழே மிஷினில் நான் அடிப்பேன்.

தினமும் கிழிக்கிற காலண்டரில் தேதிக்குக் கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் இருக்குமே, வரவு, செலவு, சுகம், அலைச்சல் என்று... பல் துலக்குவதற்கு முன்பே அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அதை யார் எழுதுகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்களுக்கு எழுதித் தந்தவர் ஒரு பஞ்சாங்கக்காரர். எழுதி எங்கே தந்தார், எல்லாம் வாயால்தான். பத்து வருடத்தில் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. அடுத்த வருடக் காலண்டர் வேலை தொடங்கியதும் மாலை ஏழு பத்துக்கு மாடியில் போன் அடிக்கும். முதலில் ஒரு இருமல். பிறகு தேதியும் சொற்களும். மச்சான் அதை அடித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு தாளையும் அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். அவர் "சரி" என்றால்தான் அடுத்த தேதி.

மச்சான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. "மொத்தம் நாப்பது வார்த்தைதான் மச்சான். மனுசன் அதையே குலுக்கிக் குலுக்கிப் போடுறாரு" என்று சிரிப்பான். என் ராசி மகரம். என்னோடு சண்டை வந்தால், மகரத்துக்கு ஒரு மாதம் முழுக்க 'செலவு' போடப்போவதாக மிரட்டுவான்.

போன வருடக் கடைசியில் என் தங்கைக்கு ஐந்தாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை கரு கலைந்துபோனவள். இந்தத் தடவையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மச்சானின் சிரிப்பெல்லாம் வெளியில்தான். உள்ளுக்குள் அவனுக்கு ஒரே பயம்.

இனி அவன் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

அந்த வருடம் போனில் இருமல் இல்லை. உடம்பு தேறிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டான். குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. ஒவ்வொரு தேதி முடிந்ததும்... கிர்ர்க். யாரோ தாள் கிழிக்கிற மாதிரி.

ஒரு மாலை, பிப்ரவரி பதினெட்டு வந்தது.

"மேஷம், வரவு. ரிஷபம்..." குரல் கொஞ்சம் நின்றது. "முடிவு."

அந்த நாற்பது சொற்களில் இந்தச் சொல் கிடையாது. பத்து வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

"ஐயா... முடிவா?"

"முடிவுதான். போடு."

ரிஷபம் என் தங்கையின் ராசி. பிப்ரவரியில் அவளுக்கு எட்டாம் மாதம்.

நம்பாதவன் சொன்னதை அடித்தான். ஒரு எழுத்து மாறாமல் திருப்பி வாசித்தான். "சரி" என்றது குரல். போனை வைத்த கையோடு அந்தச் சொல்லை அழித்துவிட்டு 'வரவு' என்று போட்டான். சேமித்தான். மூடித் திறந்தான்.

முடிவு.

மறுபடி அழித்தான். மறுபடி இருந்தது. கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு வேறொன்று செய்தான். ரிஷபத்தின் சொல்லைத் தூக்கித் தனுசில் வைத்தான். தனுசில் இருந்த 'லாபம்' ரிஷபத்துக்கு வந்தது. இந்தத் தடவை அப்படியே நின்றது. எங்கள் இரண்டு வீட்டிலும் தனுசு யாரும் கிடையாது. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தான். ஊரில் எத்தனை தனுசு இருப்பார்கள் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன்.

மறுநாள் ஏழு பத்து. பிப்ரவரி பத்தொன்பது. விருச்சிகம் வரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்த குரல் நின்றுவிட்டது.

"ஐயா... தனுசுக்கு?"

"அதுக்குத்தான் நேத்து நீயே போட்டுட்டியே."

அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடம்கூட.

"ஐயா, எங்க வீட்ல தனுசு யாரும் இல்லையே..."

கிர்ர்க்.

"இன்னும் வரல."

போன் அடங்கிவிட்டது.

விடிந்ததும் முதலாளியிடம் முகவரி வாங்கிக்கொண்டு ஓடினான். பஞ்சாங்கக்காரரின் மருமகள்தான் கதவைத் திறந்தாள். "மாமா தவறி ஒன்றரை மாசம் ஆச்சுங்களே... உங்க ஆபீசுக்குச் சொல்லணும்னே இருந்தோம்" என்றாள்.

அந்த வருடத்தின் முதல் போன் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அதன்பிறகு போன் வரவில்லை. மீதி மாதங்களை மச்சானே வாய்க்கு வந்தபடி நிரப்பினான். முதலாளி கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு தாளை மட்டும் அவன் தொடவில்லை. திருப்பி மாற்றினால் அவளுக்குப் போய்விடுமே. நானும் வழக்கம்போல ஒரு வரியும் படிக்காமல் அடித்துத் தள்ளினேன்.

பிப்ரவரி பதினான்கு. தங்கைக்கு வலி வந்துவிட்டது. குறைமாதத்தில் பெண் குழந்தை. தாய்க்கு ஒன்றுமில்லை. குழந்தையைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிறந்த நேரத்தை செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சந்தோஷமாகச் சொன்னவன் நான்தான்.

"தனுசு ராசி, மச்சான்!"

அவன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மச்சான் எல்லாவற்றையும் சொன்னான். எதிர்ச் சுவரில் எங்கள் அச்சகத்துக் காலண்டர். எழுந்து போய்ப் பார்த்தேன்.

தனுசு, முடிவு. நான் அடித்த மை.

"கிழிச்சுப் போட்டுடலாம் மச்சான்."

"அழியாது. இடம்தான் மாறும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். தனுசில் இருந்ததை அடித்துவிட்டு 'சுகம்' என்று எழுதினான். கும்பத்தில் இருந்த 'சுகம்' என்பதை அடித்துவிட்டு 'முடிவு' என்று எழுதினான். கும்பம் அவன் ராசி.

நான் தடுக்கவில்லை. பேனாவால் என்ன ஆகிவிடப் போகிறது...

கிர்ர்க்.

தாள் கிழியவில்லை. சத்தம் மட்டும்.

உள்ளே குழந்தை வீறிட்டது. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் அழுகை. நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"மச்சான்!" என்று திரும்பினேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் பேனா. கண் திறந்திருந்தது.

ஏழு பத்து.

மாரடைப்பு என்றார்கள். இருக்கலாம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், என் வீட்டுக் காலண்டரில் அந்தத் தாளைப் பார்த்தேன். தனுசு, சுகம். கும்பம், முடிவு. பேனா எழுத்தில்லை, அச்சு. அச்சகத்தில் மிச்சமிருந்த கட்டுகளையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் அப்படியே.

குழந்தை இப்போது தவழ்கிறது. அப்பனின் சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது.

அடுத்த வருடக் காலண்டர் வேலை மூன்று வாரம் முன்பு தொடங்கியது. மாடிக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை. ஏழு பத்துக்கு போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

இருமல் இல்லை.

"எழுதிக்கோ மச்சான்" என்றது.

அவன் குரல்.

எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பி வாசித்தேன். "சரி" என்றான். ஜனவரி முழுக்க, ஒரு நாள் விடாமல், தனுசுக்கு 'சுகம்'. வேறு சொல்லே அவன் சொல்லவில்லை. அழுதுகொண்டே எழுதினேன்.

நேற்று பிப்ரவரி பதினெட்டு வந்தது.

"தனுசு, சுகம்." நின்றான். அடுத்தது மகரம், என் ராசி.

"மச்சான்... மகரத்துக்கு?"



"அதை மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாத மச்சான்."

கிர்ர்க்.

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு இறங்கி வந்தேன். இன்று காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

காலியாக இல்லை.

அழித்துப் பார்த்தேன். அழியவில்லை. இடம்தான் மாறும்.

எங்கள் வீட்டில் கடகம் யாரும் கிடையாது.

உங்கள் வீட்டில்...?